பசர் தட்டை வைத்து ஃபேஸ் ஷிஃப்டிங்: உயர வரைபடத்தில் மிஞ்சும் மெல்லிய வரிகள் எதனால்?

பதிவு 1 · ஆடிப்பட்டறை

எல்லோருக்கும் வணக்கம். நியூட்டன் தொலைநோக்கிக்கான சின்னச் சாய்வாடிகளை வீட்டிலேயே தேய்த்து வருகிறேன். பரப்பு தட்டையாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு ட்வைமன்-கிரீன் குறுக்கீட்டுமானி கட்டினேன். ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சோதிக்கும் ஆடிக்கும் மற்றதை ஒப்பீட்டு ஆடிக்கும் அனுப்பி, திரும்பியதும் ஒன்றுசேர்க்கும் கருவி அது; சேரும் இடத்தில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் விழும். ஆய்வகம் ஒன்றில் கழித்துவிட்ட ஹீலியம்-நியான் லேசர், அலைநீளம் 632.8 நானோமீட்டர். ஒரு கனசதுரக் கற்றைப் பிரிப்பான். இரண்டு கைகளும், அதாவது ஒளி போகும் இரண்டு பாதைகளும், ஒரே நீளம். பட்டைகள் பளிச்சென்று விழுகின்றன.

ஆனால் ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு மேடா பள்ளமா என்று சொல்ல முடியவில்லை. பட்டை வளைந்திருப்பது தெரிகிறது, நடுவில் இருப்பது குன்றா குழியா என்பது தெரியவில்லை. அதோடு பட்டை இருக்கும் இடத்தில் மட்டும்தான் அளவு கிடைக்கிறது, இரண்டு பட்டைக்கு நடுவே எல்லாம் ஊகம். அதனால் ஃபேஸ் ஷிஃப்டிங், அதாவது ஒப்பீட்டு ஆடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒளி அலையின் கட்டத்தை மாற்றி மாற்றிப் பல படம் எடுப்பது, செய்யலாம் என்று சென்னை ரிச்சி தெருவில் 27 மில்லிமீட்டர் பசர் தட்டுகள் வாங்கிவந்தேன். பித்தளைத் தட்டின் மேல் வெள்ளிப் பூச்சோடு வெள்ளைப் பீங்கான் ஒட்டியிருக்குமே, அதுதான். வோல்ட் கொடுத்தால் உருமாறும் பீசோ பீங்கான் அது. அதன் நடுவில் 20 மில்லிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒப்பீட்டு ஆடியை ஒட்டினேன். ஆர்டுயினோ, எண்ணை வோல்ட்டாக மாற்றும் 12 பிட் டிஏசி, அதற்குப் பிறகு வோல்ட்டைப் பெருக்க ஒரு ஆப்-ஆம்ப். தட்டுக்கு 0 முதல் 10 வோல்ட் வரை கொடுக்க முடிகிறது.

வோல்ட் ஏற ஏறப் பட்டைகள் நகர்வதைப் பார்த்த முதல் இரவு தூக்கமே வரவில்லை. சுமார் 2.64 வோல்ட்டுக்கு ஒரு பட்டை. அதை நான்கால் வகுத்து 0.66 வோல்ட் வீதம் நான்கு படம் எடுத்து, பாடப்புத்தகச் சூத்திரத்தில் போட்டேன். உயர வரைபடம் வந்துவிட்டது. ஆனால் அதன் மேல் மெல்லிய வரிகள் அச்சடித்தது போல் நிற்கின்றன. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சுமார் 6 நானோமீட்டர் வித்தியாசம். ஆடியைக் கொஞ்சம் சாய்த்தால் வரிகளும் கூடவே மாறுகின்றன. ஆகவே இது கண்ணாடியில் இருப்பதல்ல. எங்கே தவறு?

பதிவு 2 · ஒளியிழை

தம்பி, பதில் சொல்வதற்கு முன் இரண்டு விவரம் வேண்டும். ஒன்று, ஒரு பட்டை அகலத்துக்குள் அந்த வரிகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிச் சொல்லுங்கள். இரண்டு, படத்தில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு வோல்ட்டை மெதுவாக ஏற்றுங்கள். கரும்பட்டை அந்தப் புள்ளியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் வோல்ட்டைக் குறியுங்கள். மேலே போனபின் அதேபோல் இறக்கிக்கொண்டும் குறியுங்கள்.

பதிவு 3 · ஆடிப்பட்டறை

எண்ணிவிட்டேன் ஐயா, ஒரு பட்டைக்குச் சரியாக இரண்டு வரி.

ஏறும்போது கரும்பட்டை கடந்த இடங்கள்: 1.10, 3.95, 6.60, 9.10 வோல்ட்.
இறங்கும்போது: 8.60, 5.75, 3.05, 0.45 வோல்ட்.

ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே எண் வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். மூன்று முறை செய்து பார்த்தேன், கிட்டத்தட்ட இதேதான்.

பதிவு 4 · ஒளியிழை

நல்ல அளவீடு. விடை முழுக்க இந்த எட்டு எண்களுக்குள் இருக்கிறது.

முதலில் ஏறும் வரிசையைப் பாருங்கள். அடுத்தடுத்த கடப்புகளுக்கு நடுவே 2.85, 2.65, 2.50 வோல்ட். ஒவ்வொரு கடப்புக்கும் ஆடி நகர்ந்த தூரம் ஒன்றுதான், அலைநீளத்தில் பாதி, 316.4 நானோமீட்டர். ஒளி ஆடிக்குப் போய்த் திரும்புவதால் பாதி. ஆனால் அந்தத் தூரத்துக்குத் தேவைப்படும் வோல்ட் குறைந்துகொண்டே வருகிறது. மேலே போகப் போகப் பீங்கான் சுறுசுறுப்பாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எல்லா இடத்திலும் 0.66 வோல்ட் என்று ஒரே அடி வைக்கிறீர்கள். ஒரு பட்டை என்பது 360 டிகிரி கட்டம், அதில் கால் பங்கான ஓர் அடி 90 டிகிரி இருக்க வேண்டும். முதல் பட்டைக்குள் அது 90 டிகிரி அல்ல, ஏறக்குறைய 83.4 டிகிரி. மூன்றாம் பட்டைக்குள் 95.

இப்போது இறங்கும் வரிசை. ஏறும்போது 3.95-இல் இருந்த நிலைக்கு இறங்கும்போது 3.05-இல் வந்து சேர்கிறது. பள்ளியில் காந்தத் தயக்கம் (ஹிஸ்டெரிசிஸ்) என்று ஒரு கண்ணி வரைந்திருப்போம். பீங்கானுக்குள்ளும் அதேபோல் மின்முனைக் களங்கள் இருக்கின்றன, அவை திரும்பும்போது பழைய நிலையைப் பிடித்துக்கொண்டே திரும்பும். அதனால் அதே கண்ணி இங்கேயும் வருகிறது. லெட் சிர்கோனேட் டைட்டனேட் பீங்கானில் முழு வீச்சில் 10 முதல் 15 சதவீதம் வரை தயக்கம் இருப்பது சாதாரணம். உங்களுடையது 9 சதவீதம்தான், தட்டு நன்றாகவே இருக்கிறது.

இனி அந்த வரிகள். அடி சரியாக 90 டிகிரி இல்லாமல் கொஞ்சம் தப்பினால், நான்கு பட முறையில் அந்தத் தப்பில் பாதி அளவு ஓர் அலை உயர வரைபடத்தில் ஏறிவிடும். அது பட்டையைப் போல் இரண்டு மடங்கு நெருக்கமாக இருக்கும். நீங்கள் எண்ணியதும் இரண்டுதானே. 83.4 டிகிரியில் தப்பு 6.6 டிகிரி, அதில் பாதி 3.3. உயரமாக மாற்றினால் மேலும் கீழுமாக 2.9 நானோமீட்டர், மொத்தம் 5.8. நீங்கள் பார்த்த 6 நானோமீட்டர் அதுவே.

இதற்கு 1987-இல் ஹரிஹரன், ஓரெப், எய்ஜு என்ற மூவர் ஒரு வழி சொன்னார்கள். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தில் நடந்த வேலை. நான்குக்குப் பதில் ஐந்து படம் எடுங்கள். கணக்கு இவ்வளவுதான்:

டான் (கட்டம்) = 2 × (ப2 − ப4) ÷ (2 × ப3 − ப1 − ப5)

ப1 முதல் ப5 வரை என்பது அந்தப் புள்ளியின் வெளிச்சம், வரிசையாக ஐந்து படங்களில். இதில் அடித் தப்பு நேரடியாக ஏறாது, அதன் வர்க்கமாகத்தான் ஏறும். வர்க்கம் என்றால் சின்ன எண் இன்னும் சின்னதாகிவிடும். 9 டிகிரி தப்பினாலும் நான்கு படத்தில் 4.5 டிகிரி பிழை, ஐந்து படத்தில் 0.35 டிகிரி. ஒரே ஒரு படம் கூடுதலாக எடுத்ததற்கு இவ்வளவு பலன் தரும் இன்னொன்று இந்தத் துறையில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இந்தச் சூத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

அப்புறம் ஒன்று. இதே ஐந்து படத்திலிருந்து உங்கள் அடி எவ்வளவு என்பதையும் எடுத்துவிடலாம்:

கொசைன் (அடி) = (ப5 − ப1) ÷ (2 × (ப4 − ப2))

ஒவ்வொரு புள்ளிக்கும் இதைக் கணக்கிட்டு, எத்தனை புள்ளிகளில் என்ன டிகிரி வருகிறது என்று ஒரு நிரல்படம் போடுங்கள். கீழே இருக்கும் எண் பூச்சியத்துக்கு அருகில் வரும் புள்ளிகளை விட்டுவிடுங்கள், அங்கே இரைச்சல்தான் இருக்கும். குவியல் 90-இல் நிற்க வேண்டும். 84-இல் நின்றால் வோல்ட்டைக் கூட்டுங்கள். குவியல் அகலமாகப் பரவியிருந்தால் ஆடி நகரும்போது சாய்கிறது, அல்லது மேசை ஆடுகிறது. பீசோவுக்கு எத்தனை வோல்ட் கொடுத்தோம் என்பதை நம்ப வேண்டாம். எவ்வளவு நகர்ந்தது என்று பட்டைகளிடமே கேட்டுவிடலாம்.

பதிவு 5 · நானோநகர்வு

இவ்வளவு சிரமம் எதற்கு? பசர் தட்டு ஓசைக்காகச் செய்தது. பல பீசோ ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அடுக்குப் பீசோ ஒன்று வாங்குங்கள். 5க்கு 5 மில்லிமீட்டர் குறுக்களவு, 10 மில்லிமீட்டர் நீளம், 150 வோல்ட்டில் 10 மைக்ரான் வரை நகரும். நகர்வை அளக்கும் உணரி ஒட்டி, அதைப் பார்த்து வோல்ட்டைத் தானே திருத்திக்கொள்ளும் மூடுசுற்று வகை என்றால் தயக்கமே இருக்காது.

பதிவு 6 · ஒளியிழை

மூடுசுற்று அடுக்கு அருமையான பொருள், மறுக்கவில்லை. உணரி உள்ள வகைக்கும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் ஆகும் செலவில் இந்தத் தம்பி இன்னும் நான்கு ஆடி தேய்க்கலாம். உணரி இல்லாத வெறும் அடுக்கு என்றால் அதற்கும் இதே தயக்கம் உண்டு, பொருள் ஒன்றுதானே. நமக்கு வேண்டிய மொத்த நகர்வு நாலைந்து படத்துக்கு 400 நானோமீட்டர் கூட இல்லை. 10 மைக்ரான் அடுக்கில் அது முழு வீச்சில் 4 சதவீதம். அந்த மூலையில் மட்டும் வேலை செய்ய 150 வோல்ட் மின்சுற்று தேவையா என்று யோசியுங்கள்.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1974-இல் பெல் ஆய்வகத்தில் புரூனிங்கும் கூட்டாளிகளும் கட்டிய கருவியும் ஒரு ட்வைமன்-கிரீன்தான். ஒப்பீட்டு ஆடியைப் பீசோ நகர்த்தியது, 32க்கு 32 ஒளி டையோடு வரிசை படம் பிடித்தது. மொத்தம் 1024 புள்ளிகள். இன்று கையில் இருக்கும் வெப்கேமராவில் அதைப்போல் பல நூறு மடங்கு புள்ளிகள் இருக்கின்றன.

பதிவு 7 · நானோநகர்வு

செலவைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் பெரிய ஆடியை நகர்த்த வேண்டும் என்றால் தட்டு தாங்காது, அங்கே அடுக்குதான். தட்டு வளைந்துதானே நகர்கிறது, எடை ஏறினால் தொய்ந்துவிடும். 20 மில்லிமீட்டர் ஆடி 3 கிராம் சொச்சம் இருக்கும், அது பரவாயில்லை. 50 மில்லிமீட்டருக்குப் போனால் என் பேச்சை நினைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு 8 · ஒளியிழை

அதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். 50 மில்லிமீட்டருக்கு மூன்று அடுக்குகளை 120 டிகிரி இடைவெளியில் வைப்பதுதான் முறை.

பதிவு 9 · சாலிடர்புகை

மின்சுற்றுப் பக்கம் சில விஷயம் சொல்கிறேன்.

தட்டு ஒரு மின்தேக்கி. 27 மில்லிமீட்டர் தட்டில் 20 நானோஃபாரட் பக்கம் இருக்கும். ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டை நேராக அதில் கட்டினால் சில ஆப்-ஆம்ப்கள் தாமாகவே அலைவுற ஆரம்பித்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, பட்டையின் மாறுபாடு மங்கியது போல் மட்டும் தெரியும். நடுவே 10 கிலோ ஓம் போடுங்கள். தட்டுக்குக் குறுக்கே ஒரு மைக்ரோஃபாரட் பிலிம் மின்தேக்கி சேர்த்தால் 16 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும் இரைச்சலெல்லாம் அடங்கிவிடும்.

அடுத்தது டிஏசி. அது எந்த மின்சாரத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். எம்சிபி4725 போன்ற சின்னப் பலகைகள் தங்களுக்கு வரும் 5 வோல்ட்டையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளும். அது கணினியின் யுஎஸ்பியிலிருந்து வந்தால் கணினி மூச்சு விடுவதெல்லாம் ஆடியில் தெரியும். உங்கள் கணக்குப்படி ஒரு வோல்ட்டுக்கு 120 நானோமீட்டர். தட்டில் 20 மில்லிவோல்ட் இரைச்சல் இருந்தால் 2.4 நானோமீட்டர் ஆட்டம். தனியாக ஒரு ரெகுலேட்டர் போட்டு, பேட்டரியில் ஓட்டுங்கள்.

தட்டில் ஒயர் பற்றவைக்கும்போது வெள்ளிப் பூச்சில் ஒரு நொடிக்கு மேல் சூட்டுக்கோலை வைக்காதீர்கள். சூடு ஏறினால் அந்த இடத்தில் பீங்கானின் முனைவாக்கம் போய்விடும், அப்புறம் தட்டு ஒருபக்கமாகத்தான் வளையும். ஓரத்தில் பற்றவையுங்கள், நடுவில் வேண்டாம். அந்தப் பீங்கானில் ஈயம் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். வெட்டவோ தேய்க்கவோ வேண்டியிருந்தால் தண்ணீரோடு செய்யுங்கள், தூளை ஊதாதீர்கள்.

அடுக்குப் பீசோ வைத்திருப்பவர்களுக்கு: 150 வோல்ட் ஏற்றிய அடுக்கு, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கையை உதறவைக்கும். ஒரு மின்தடை வழியாக வடித்துவிட்டு, இரண்டு ஒயரையும் முறுக்கிச் சேர்த்த பிறகுதான் தொட வேண்டும். மேசையில் சும்மா கிடக்கும் அடுக்கு வெயிலில் சூடானாலே அதில் மின்னழுத்தம் ஏறும்.

பதிவு 10 · ஆடிப்பட்டறை

எல்லோருக்கும் நன்றி. ஐந்து படத்துக்கு மாற்றிவிட்டேன். வரிகள் பெரும்பாலும் போய்விட்டன, ஆனால் முழுதாகப் போகவில்லை. அடி நிரல்படம் போட்டேன். குவியல் 88-இல் நிற்கிறது, ஆனால் 80 முதல் 96 வரை பரந்து கிடக்கிறது. படத்தின் இடப்பக்கப் புள்ளிகள் எல்லாம் குறைவான டிகிரி, வலப்பக்கம் எல்லாம் கூடுதல். வோல்ட் ஏறும்போது பட்டைகளின் இடைவெளியும் மாறுகிறது என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

பதிவு 11 · மூன்றாம்பிறை

அப்படியானால் ஆடி நகரும்போது சாய்கிறது, தம்பி. தட்டை எப்படிப் பிடித்திருக்கிறீர்கள், ஆடியை எதனால் ஒட்டினீர்கள்?

பதிவு 12 · ஆடிப்பட்டறை

தட்டின் ஓரம் முழுக்க ஒரு பிளாஸ்டிக் வளையத்தில் சூப்பர் குளூ வைத்து ஒட்டினேன் அக்கா. ஆடியின் பின்புறம் முழுவதும் எபாக்ஸி தடவித் தட்டோடு ஒட்டினேன்.

பதிவு 13 · மூன்றாம்பிறை

இரண்டையும் மாற்ற வேண்டும்.

தட்டு பறை போல நடுவில் எழும்ப வேண்டும். நீங்கள் ஆடியின் முதுகை முழுக்கத் தட்டோடு ஒட்டியதால், வளைய வேண்டிய பித்தளையைக் கண்ணாடி வளையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நகர்வும் குறைகிறது, அதே விசையில் ஆடியும் வளைகிறது. எபாக்ஸி இறுகும்போது சுருங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 4 மில்லிமீட்டர் கண்ணாடி அதற்குத் தாங்காது. நீங்கள் ஒப்பிடும் ஆடியே கோணலாகிவிட்டால் அளக்கும் ஆடியைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

நான் செய்தது இப்படி. தட்டின் நடுவை வட்டக்கருவியால் துல்லியமாகக் குறித்தேன். அங்கே 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சின்னப் பித்தளைக் குச்சியை, 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு நறுக்கி, நிமிர்த்தி ஒட்டினேன். குச்சியின் தலையில் கடுகளவு சிலிக்கான் பசை, அதன் மேல் ஆடி. பசை இறுகும் வரை ஒருநாள் மல்லாக்க வைத்துவிட்டேன், ஆடியின் சொந்த எடையே போதும். தட்டின் ஓரத்தை வளையத்தில் முழுக்க ஒட்டாமல் மூன்று இடத்தில் மட்டும் ஒட்டினேன், கடிகாரத்தில் 12, 4, 8 மணி இருக்கும் இடங்களில். குச்சி நடுவிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகினாலும் பட்டைகள் விசிறி போல விரியும், அது தெரிந்தால் பிடுங்கிவிட்டு மறுபடி ஒட்டுங்கள். நான் மூன்றாவது முறையில்தான் சரியாக வைத்தேன்.

இன்னொன்று. உங்கள் ஒப்பீட்டு ஆடி அலுமினியம் பூசியதா? சோதிக்கும் கண்ணாடி பூச்சில்லாதது என்றால் அது 4 சதவீத ஒளியைத்தான் திருப்பும், பூசியது 90 சதவீதம். பட்டையின் மாறுபாடு 0.4 அளவுக்கு விழுந்துவிடும். இரண்டும் பூச்சில்லாமல் இருந்தால் நல்லது. வெளிச்சம் குறையும், ஆனால் பட்டைகள் கறுப்பும் வெளுப்புமாகத் தெளிவாக இருக்கும்.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. 1973-இல் ஜெர்மனியில் கார்ல்-லுட்விக் பாத் என்பவர் வெளியிட்டாரே, அந்தப் பாத் குறுக்கீட்டுமானியைத்தான் பெரிய ஆடிகளுக்கு வைத்திருக்கிறேன். ஒரு கனசதுரம், ஒரு சின்னத் தட்டையாடி, ஒரு சின்ன வில்லை, அவ்வளவுதான். அந்தச் சின்னத் தட்டையாடியைப் பசர் தட்டில் வைத்தால் ஃபேஸ் ஷிஃப்ட் ஆகும் என்று எண்ணி ஒருவாரம் உழைத்தேன். பட்டை அசையவே இல்லை. 10 வோல்ட்டும் கொடுத்துவிட்டேன். தட்டு நகர்கிறது. பட்டை மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது.

பதிவு 14 · ஒளியிழை

அசையாது அம்மா, பாத் அமைப்பின் அழகே அதுதான். காகிதத்தில் இரண்டு கற்றைகளையும் வரைந்து பாருங்கள். முதல் கற்றை கனசதுரத்திலிருந்து வில்லை வழியாக விரிந்து பெரிய ஆடிக்குப் போகிறது, திரும்பும்போது உங்கள் தட்டையாடியில் பட்டு வருகிறது. இரண்டாவது கற்றை போகும்போதே தட்டையாடியில் பட்டுப் போகிறது, திரும்பும்போது வில்லை வழியாக வருகிறது. ஆக இரண்டுமே அந்தத் தட்டையாடியை ஒருமுறை தொடுகின்றன. நீங்கள் அதை நகர்த்தினால் இரண்டுக்கும் ஒரே அளவு பாதை கூடுகிறது. வித்தியாசம் பூச்சியம். மேசை அதிர்ந்தாலும் பாத் பட்டைகள் அசையாமல் நிற்பதற்கும் இதுவே காரணம். வீட்டில் தேய்ப்பவர்கள் அதை விரும்புவதும் அதனால்தான்.

பாத்தில் ஃபேஸ் ஷிஃப்ட் வேண்டும் என்றால் பீசோவை விட்டுவிட்டு ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளி அலை அதிரும் திசையை, பிடியுங்கள். சாதாரணக் கனசதுரத்துக்குப் பதில் முனைவாக்கக் கனசதுரம், லேசரின் முனைவுத் தளம் அதற்கு 45 டிகிரியில். அப்போது ஒரு கற்றை இரண்டு முறையும் ஊடுருவும், மற்றது இரண்டு முறையும் எதிரொளிக்கும், எல்லா வெளிச்சமும் கேமரா பக்கமே வந்துசேரும். கேமராவுக்கு முன்னால் ஒரு கால் அலைத் தகடு (ஒரு திசையில் அதிரும் ஒளியைக் கால் அலை பின்தள்ளும் தகடு) 45 டிகிரியில், அதன்பின் சுழலும் போலராய்டு (ஒரே திசை அதிர்வை மட்டும் விடும் தாள்). போலராய்டை 45 டிகிரி சுழற்றினால் கட்டம் 90 டிகிரி மாறும். தயக்கமும் இல்லை, வோல்ட்டும் இல்லை, கோணமானி ஒன்று போதும்.

இப்படி முனைவாக்கத்தைச் சுற்றிவிட்டாலே கட்டம் மாறும் என்ற விஷயத்தை 1956-லேயே பெங்களூரில், ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த பஞ்சரத்தினம் எழுதிவிட்டார். சர் சி. வி. ராமனின் சகோதரி மகன், அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். அதன் ஆழம் உலகத்துக்குப் புரிய முப்பது ஆண்டு ஆனது. இன்று அது பஞ்சரத்தினம் கட்டம் என்றே அழைக்கப்படுகிறது.

பதிவு 15 · மூன்றாம்பிறை

வரைந்து பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது, ஐயா. ஒருவாரம் தேடியதற்கு விடை அரைப்பக்கக் காகிதத்தில் கிடைத்தது. போலராய்டு வழியில் போகிறேன்.

பதிவு 16 · எண்வரிசை

நிரல் எழுதுகிறவன் என்ற முறையில் ஒரு வழி சொல்கிறேன். படிப்படியாக நிறுத்தி நிறுத்தி எடுக்காதீர்கள். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பீங்கான் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்துகொண்டே இருக்கும், க்ரீப் என்பார்கள். முதல் நொடியில் கொஞ்சம், அடுத்த பத்து நொடியில் அதே அளவு, அடுத்த நூறு நொடியில் அதே அளவு. காத்திருந்து தீராது.

அதற்குப் பதில் வோல்ட்டை ஒரே சீராக ஏற்றிக்கொண்டே போங்கள், கேமரா தன் பாட்டுக்கு நொடிக்கு 30 படம் எடுக்கட்டும். ஒரு படத்துக்கு 0.66 வோல்ட் என்றால் நொடிக்கு 20 வோல்ட் வேகம். ஐந்து படம் ஆறில் ஒரு நொடியில் முடிந்துவிடும். படம் பதியும் நேரத்திலேயே ஆடி நகர்கிறதே, பட்டை மங்காதா என்று கேட்பீர்கள். மங்கும், 90 டிகிரி நகர்வுக்கு மாறுபாடு 10 சதவீதம்தான் குறையும். கட்டத்தில் பிழை வராது. சாலிடர்புகை சொன்ன ஒரு மைக்ரோஃபாரட்டும் இந்த வேகத்தைத் தடுக்காது, சில மில்லிநொடி தாமதம் மட்டும்.

வேகமாக முடிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. காற்றின் வெப்பம் 1 டிகிரி மாறினால் ஒளிவிலகல் எண் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறும். ஒரு மீட்டர் கைக்குப் போய்வர 2 மீட்டர், அதில் மூன்று பட்டை ஓடிவிடும். பத்தில் ஒரு டிகிரி என்றாலும் பட்டையில் மூன்றில் ஒரு பங்கு. மின்விசிறி ஓடும் அறையில் இது சாதாரணமாக நடக்கும். காற்று நகர்வதற்குள் படம் எடுத்து முடித்துவிட வேண்டும்.

வெப்கேமராவில் தானியங்கி வெளிச்சச் சரிசெய்தல், காமா (வெளிச்ச அளவை நேர்விகிதம் இல்லாமல் மாற்றிக் காட்டும் திருத்தம்) இரண்டையும் அணைத்துவிடுங்கள். படத்துக்குப் படம் வெளிச்சத்தை அது மாற்றிக்கொண்டிருந்தால் எந்தச் சூத்திரமும் வேலை செய்யாது. ஜேபெக் சுருக்கம் இல்லாமல் மூலப் படமாக எடுங்கள். ரோலிங் ஷட்டர் கேமராவில் மேல் வரிசை முதலிலும் கீழ் வரிசை பிறகும் பதிவதால் வரைபடத்தில் ஒரு சாய்வு சேரும். அது வெறும் சாய்வுதான், மற்றச் சாய்வோடு சேர்த்துக் கழித்துவிடலாம்.

இன்னும் மேலே போக வேண்டும் என்றால் 2004-இல் வாங், ஹான் இருவரும் வெளியிட்ட திரும்பத் திரும்பத் தீர்க்கும் முறை இருக்கிறது. அதற்கு அடி என்ன என்றே தெரிய வேண்டாம், அடிகள் சமமாக இருக்கவும் வேண்டாம். கட்டத்தை வைத்து அடியையும், அடியை வைத்துக் கட்டத்தையும் மாறி மாறித் திருத்திக்கொண்டே போகும். படத்தில் குறைந்தது சில பட்டைகளாவது இருக்க வேண்டும், வெளிச்சம் ஓரளவு சமமாகப் பரவியிருக்க வேண்டும். மற்றபடி பத்துச் சுற்றில் நின்றுவிடும். கேமராவையும் கணினியையும் மட்டும் நம்புகிறவர்களுக்கு இதுதான் என் பரிந்துரை.

பதிவு 17 · ஒளியிழை

எண்வரிசை சொன்ன சீரான ஏற்றம் மிக நல்ல யோசனை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஒவ்வொரு முறையும் பூச்சியத்துக்கு இறக்கி, அங்கிருந்தே ஏற்றுங்கள். முதல் நாலைந்து ஏற்றத்தில் எடுத்ததை எறிந்துவிடுங்கள், பீங்கான் தன் கண்ணியில் நிலைத்து நிற்க அவ்வளவு சுற்று வேண்டும். பயன்படுத்துவது எப்போதும் ஏறும் பக்கம் மட்டும். ஒரே கண்ணியில் ஒரே பக்கமாகப் போனால் தயக்கம் இருந்தும் தொல்லை இல்லை, அது ஒவ்வொரு முறையும் அதேபோல்தான் நடந்துகொள்ளும்.

திரும்பத் திரும்பத் தீர்க்கும் முறையைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆடி சாய்ந்துகொண்டே நகர்ந்தால் அதற்குத் தெரியாது, ஒரு படம் முழுக்க ஒரே அடி என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். முதலில் குச்சியை நேராக ஒட்டுங்கள், பிறகு நிரல்.

பதிவு 18 · ஆடிப்பட்டறை

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

பழைய ஆடியைத் தட்டிலிருந்து கழற்றவே ஒருநாள் ஆனது. அக்கா சொன்னபடி பித்தளைக் குச்சி, கடுகளவு சிலிக்கான், ஓரத்தில் மூன்று இடத்தில் மட்டும் பசை. இரண்டாவது முயற்சியில் நடு சரியாக அமைந்தது. இப்போது 2.3 வோல்ட்டுக்கே ஒரு பட்டை நகர்கிறது, முன்பு 2.64 தேவைப்பட்டது. வோல்ட் ஏறும்போது பட்டைகள் இணையாகவே நகர்கின்றன, விசிறி இல்லை.

மின்சுற்றை நான்கு பேட்டரியில் ஓட்டுகிறேன். இரவு இரண்டு மணிக்கு, மின்விசிறியை நிறுத்தி, கருவியின் மேல் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துவிட்டு எடுத்தேன். பூச்சியத்திலிருந்து ஐந்து வெற்று ஏற்றம், ஆறாவதில் படம். அடி நிரல்படத்தில் குவியல் 89-இல், 87க்கும் 91க்கும் நடுவே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வரிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. பத்து முறை எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன், மிச்சம் 2 நானோமீட்டருக்குள் இருக்கிறது.

ஆடியில் மொத்தம் 95 நானோமீட்டர் ஏற்ற இறக்கம். நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு. நடுமேட்டைக் குறைக்கத் தேய்க்கத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

பதிவு 19 · மூன்றாம்பிறை

தம்பி, தேய்ப்பதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள். வோல்ட் ஏறும்போது தட்டு கற்றைப் பிரிப்பானை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று பார்த்தீர்களா? ஒயர் இரண்டையும் மாற்றிக் கட்டியிருந்தால் நகரும் திசை தலைகீழாகும், வரைபடத்தில் மேடெல்லாம் பள்ளமாகிவிடும். கணக்கு எதுவும் தவறு என்று சொல்லாது.

இதற்கு ஆடி தேய்ப்பவர்களின் பழைய வழி ஒன்று இருக்கிறது. சோதிக்கும் ஆடியின் முகத்தில், ஓரத்துக்குப் பக்கமாக, கட்டைவிரலை ஐந்து நொடி வைத்து எடுங்கள். சூட்டில் அந்த இடத்தில் கண்ணாடி வீங்கும். உடனே ஒரு ஏற்றம் எடுங்கள். வீங்கிய இடம் வரைபடத்தில் மேடாக வர வேண்டும்.

பதிவு 20 · ஆடிப்பட்டறை

இப்போதுதான் செய்து பார்த்தேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, வலது ஓரத்தில் கட்டைவிரலை வைத்து ஐந்து எண்ணினேன். வரைபடத்தில் விரல் வைத்த இடத்தில் நீள்வட்டமாக ஒரு குழி வந்தது, 60 நானோமீட்டர் ஆழம். அரை நிமிடம் கழித்து எடுத்ததில் பாதி, மூன்று நிமிடத்தில் காணோம்.

ஆக குறி தலைகீழ். நடுவில் இருப்பது மேடு அல்ல, குழி. ஓரம்தான் உயர்ந்திருக்கிறது. ஒயரை மாற்றிக் கட்டி மறுபடி விரல் வைத்துப் பார்த்தேன், இந்த முறை விரல் மேடாக வந்தது.

நாளை காலை ஆடியை மெருகேற்றும் பிசின் தட்டைச் சூடாக்கி, ஓரத்தில் பிடிக்கிற மாதிரி அமுக்கி வைக்கப் போகிறேன். அக்கா, ஓரத்துக்கு எத்தனை நிமிடம் தேய்த்துவிட்டு மறுபடி அளப்பது நல்லது?

பதிவு 21 · மூன்றாம்பிறை

ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தேய்த்த பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் ஆடியை அதே அறையில் ஆறவிடுங்கள். விரல் சூடே 60 நானோமீட்டர் காட்டியதே, தேய்த்த சூடு அதைவிட மெதுவாகத்தான் இறங்கும்.